வரவேற்புப் புள்ளிகள்

உறை கனமாக இருந்தது.
உள்ளே வெறும் காகிதம்தான்.
கடற்கரை விடுதி ஒன்றின் படம்,
யாரும் படுத்திராத வெள்ளை மெத்தை.
மூன்று மாதத்தில் நாலாயிரம் டாலர் செலவழித்தால்
எண்பதாயிரம் புள்ளிகள்.

நாலாயிரம் செலவழிக்கிற ஆட்களில்லை நாங்கள்.
டுலூத்தின் மலைச்சரிவில் வீடு.
ஆர்விட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான்.
நான் பரிசோதனைக் கூடத்தில்
ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டுகிறவள்.
ஒரு பை உருளைக்கிழங்குக்கு இரண்டு கடை ஏறி இறங்குவோம்.
இருந்தும் அந்த மெத்தையை
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன்.

செலவழிப்பதும் ஒரு வேலைதான் என்று
அக்டோபரில் தெரிந்தது.
பனிக்கால டயர் நான்கு; சரி, எப்படியும் வாங்கியாக வேண்டும்.
வீட்டு வரியைக் கார்டில் கட்டினோம்.
அப்படிக் கட்டுவதற்கு ஒரு கட்டணம், நூற்றுக்கு இரண்டரை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
பக்கத்து வீட்டு டெல்மா தன் புது அடுப்பை
எங்கள் கார்டில் வாங்கிக்கொண்டு காசோலை தந்தாள்,
கையெழுத்துப் போடாமல்.
அவள் மகளைப் பார்க்கப் போய்த் திரும்பி வருவதற்குள்
கெடு தாண்டிவிட்டது. வட்டி முப்பத்தெட்டு டாலர்.

நவம்பர் கடைசி.
இன்னும் எழுநூற்றுப் பத்து குறைந்தது.
மேசையைப் பார்த்தோம், ஜன்னல் திரையைப் பார்த்தோம்,
வாங்குவதற்கு எதுவுமே தோன்றவில்லை.
பிறகு அவன் சாப்பிடுவதைப் பார்த்தேன்.
இரண்டு வருடமாக இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தான்.
கேட்டால், பழகிவிட்டது லோர்னா, என்பான்.
உன் பல், என்றேன்.
புள்ளிகளுக்காகவா, என்றான்.
புள்ளிகளுக்காகத்தான், என்றேன்.
வேறெப்படிச் சொன்னாலும் போயிருக்க மாட்டான்.

புள்ளிகள் வந்த அன்று விடுதியின் கணக்கைத் திறந்தேன்.
இருபதாயிரத்துக்குக் கிடைத்த இரவு
இப்போது முப்பத்து நாலாயிரம்.
எங்களுடையது ஒன்றும் குறையவில்லை,
கடல்தான் தள்ளிப் போயிருந்தது.

ஜனவரியில் வீட்டுச் சூடேற்றி செத்தது.
வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்தொன்பது.
உதிரிபாகம் வெள்ளிக்கிழமைதான் வரும் என்றார்கள்.
கால்வாய் ஓரத்து விடுதியில்
ஓர் இரவுக்கு ஒன்பதாயிரம் புள்ளிகள்.
ஜனவரியில் இந்த ஊருக்கு யார் வரப்போகிறார்கள்?

ரொம்ப தூரப் பயணமா, என்று கேட்டாள்
சாவி தந்த பெண்.
மூன்று மைல், என்றான் ஆர்விட், முகம் மாறாமல்.

நாலாவது மாடி.
காலையில் ஏரி முழுக்க ஆவி பறந்தது,
உலையில் வைத்ததுபோல.
இரவில் சரிவின் விளக்குகளை எண்ணினேன்.
டெல்மா வீடு, அதற்கு மேலே ஓர் இருட்டு.
அது நாங்கள்.

நோட்டை எடுத்து நடுவே கோடு போட்டேன்.
ஆண்டுக் கட்டணம் தொண்ணூற்றைந்து,
வரிக்கு முப்பத்தைந்து, வட்டி முப்பத்தெட்டு.
இந்தப் பக்கம் நாலு இரவு, எண்பத்தொன்பது வீதம்.
லாபம்தான், நூற்று எண்பத்தெட்டு.
ஆனால் கார்டு இல்லையென்றால்
அவன் தங்கை வீட்டு சோபாவில் படுத்திருப்போம்.
அதற்கு வாடகை கிடையாது,
பேச்சு உண்டு.
அதை எந்தப் பக்கம் எழுதுவது?
அடித்தேன், மறுபடி கூட்டினேன்.
மிச்சம் நாற்பத்து நாலாயிரம் புள்ளிகள்.
கடலருகே ஒரே ஓர் இரவு;
போய்ச் சேரும் செலவு நம்முடையது.

அடுத்த ஆண்டுக் கட்டணம் கேட்டு வந்திருக்கும் உறை
மெல்லியதாக இருக்கிறது.
கார்டை ரத்து செய்யும் எண்
எந்த மூலையில் அச்சாகியிருக்கிறதோ,
கண்ணாடி போட்டும் கிடைக்கவில்லை.
எதிரே ஆர்விட்.
பச்சை ஆப்பிள்.
வலது பக்கம்.
அந்தச் சத்தத்தில்
எண்ணிய இடத்தை விட்டுவிட்டேன்.